பெறுநர் இல்லாத மனு

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நூம்பலில் உள்ள என் வீட்டுக்கு என் தமக்கை ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு போவதற்காக வந்திருந்தார். அவர் குடியிருப்பது பூந்தமல்லிச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில். மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும், அது வடிவதற்கென்று முன்னோர் வெட்டிவைத்த கால்வாய் தூர்ந்து ஆகாயத்தாமரையும் குப்பையும் மண்டிக் கிடப்பதும் அவ்வூரின் நெடுநாளைய குறை. வெள்ளைத்தாளில் 'அனுப்புநர்' என்று எழுதித் தெருவாசிகளின் விலாசத்தைக் குறித்தேன். அதன்கீழே 'பெறுநர்' என்று எழுதி, 'மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், பூந்தமல்லி' என்று தொடங்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் தம்பி நிறுத்திட்டே?" என்றார் அக்கா.

"அந்த இடம் காலியாத்தானே இருக்கு, அக்கா? போன வருஷமே பதவி போயிடுச்சே."

"ஓட்டுப் போட்டு அனுப்பினது நாங்க. எடுத்துட்டாங்கன்னா, எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? யாருப்பா எடுத்தது? ஜட்ஜா?"

இல்லை என்றேன். நியாயாதிபதி எடுக்கவில்லை, ஜனங்களும் எடுக்கவில்லை, சபாநாயகர் எடுத்தார். அந்த மனு கடைசியில் மாவட்ட ஆட்சியர் பெயருக்கே எழுதப்பட்டது. ஆனால் 'யார் எடுத்தது?' என்று அக்கா கேட்ட கேள்வியை அன்று முதல் இன்று வரை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஒரு குடியரசின் அதிகாரங்கள் எப்படிப் பகுக்கப்பட்டிருக்கின்றன, அந்தப் பகுப்பில் எந்த இடத்தில் சுவர் இடிந்து கிடக்கிறது என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாக எனக்குக் காட்டியது அந்தக் கேள்விதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் பூந்தமல்லியிலிருந்து அ.இ.அ.தி.மு.க. சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டி.ஏ. ஏழுமலை. அவர் உள்ளிட்ட அக்கட்சி உறுப்பினர்கள் 19 பேர் 2017 ஆகஸ்டு 22 அன்று ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமியிடம் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று தனித்தனியே கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு மனம் மாறிக் கட்சித் தலைமையோடு சேர்ந்துகொள்ள, எஞ்சிய 18 பேரையும் சபாநாயகர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி தகுதி நீக்கம் செய்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்றும், உடனமர்ந்த நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். மூன்றாவது நீதிபதியாக உச்ச நீதிமன்றத்தால் குறிக்கப்பட்ட எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று உத்தரவு செல்லும் என்று முடிவு கூறினார். பூந்தமல்லிக்கு 2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல் நடந்து, மே 23 அன்று முடிவு வெளியாயிற்று. ஆக, 20 மாதங்களுக்கு மேலாக, தமிழ்நாட்டின் 18 தொகுதிகளில் வாழ்ந்த லட்சக்கணக்கான பிரஜைகளுக்குச் சட்டசபையில் வாய் இல்லாமல் போயிற்று.

அந்தப் பதினெண்மர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதை உயர் நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட்டது. தனபால் என்ற தனி மனிதரின் நேர்மையைச் சந்தேகிப்பதும் என் கருத்தன்று. அந்த ஸ்தானத்தில் யார் அமர்ந்திருந்தாலும் நான் கேட்கக்கூடியது ஒரே கேள்விதான். ஓர் அரசாங்கம் நிற்பதா விழுவதா என்பதை நிர்ணயிக்கிற ஒரு வழக்கை, அந்த அரசாங்கத்தை அமைத்த கட்சியின் ஆதரவால் பதவிக்கு வந்த ஒருவரே விசாரித்துத் தீர்ப்புக் கூறலாமா?

அதிகாரப் பிரிவினை என்றவுடன் நம்மவர் பலர் அது பாரிஸ் நகரத்துப் புத்தகங்களில் பிறந்த சித்தாந்தம் என்று எண்ணிவிடுகிறார்கள். மான்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் அதை வகுத்துரைத்தது உண்மைதான். ஆனால் நூம்பலிலிருந்து புறப்பட்டு, வேலப்பன்சாவடியில் பேருந்தேறிப் பூந்தமல்லியில் இறங்குகிற எந்தக் குடியானவனும் அந்தச் சித்தாந்தத்தைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பக்கம் வட்டாட்சியர் அலுவலகம். பட்டா மாறுதல், சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று என்று கையில் மஞ்சள் பையோடு வரிசையில் நிற்கும் ஜனங்கள். மற்றொரு பக்கம் நீதிமன்றம். கறுப்புக் கோட்டணிந்த வக்கீல்கள், கட்டுக் கட்டாக வழக்குக் காகிதங்களைச் சுமந்து விரையும் குமாஸ்தாக்கள், வாசலில் நின்று வாதி பிரதிவாதிகளின் பெயரை மும்முறை கூவி அழைக்கும் சேவகர். நிலத்தின் பேரில் வட்டாட்சியர் பிறப்பித்த உத்தரவு பிழையென்று கருதுகிறவன், அதே ஊரில் உள்ள நீதிமன்றத்துக்குப் போய் வழக்குத் தொடுக்கிறான். உத்தரவு போட்ட கையும் அதைச் சீர்தூக்கும் கையும் வேறு வேறாக இருப்பதனால்தான் அவன் இரவில் ஓரளவு நிம்மதியாக உறங்குகிறான்.

இந்தப் பிரிவு ஆதியிலிருந்தே இருந்ததன்று. பூந்தமல்லி பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த வெள்ளையர் காலத்தில், வரி வசூலித்த கலெக்டரே ஜில்லா மாஜிஸ்டிரேட்டும் ஆவார். போலீசின் மேல் அதிகாரமும் அவருக்கு உண்டு. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவனை விசாரித்துத் தண்டிக்கிற சப் மாஜிஸ்டிரேட்டோ பெரும்பாலும் அந்தக் கலெக்டரின்கீழ் வேலைபார்த்த தாசில்தாரோ துணைத் தாசில்தாரோதான். தன் உத்தியோக உயர்வைக் கையில் வைத்திருக்கும் மேலதிகாரியின் போலீஸ் கொண்டுவந்த வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு ஒருவருக்கு எவ்வளவு மனோதிடம் வேண்டும் என்பதை யோசித்தால், காங்கிரஸ் மகாசபை தோன்றிய மறு வருஷமான 1886 முதலே நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்க வேண்டுமென்று ஏன் வற்புறுத்தியது என்பது விளங்கும். சுதந்திரம் வந்தபின் அரசியல் சாசனத்தின் 50ஆம் பிரிவு அதை ராஜ்யத்தின் கடமையாக விதித்தது. சென்னை ராஜ்யத்தில் அந்த வேலை முன்னதாகவே தொடங்கப்பட்டிருந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை நடுவர்களை உயர் நீதிமன்றத்தின்கீழ் வைத்து, அதை நாடெங்கும் நிறைவேற்றியது. ஏறத்தாழ 90 வருஷப் போராட்டம் அது.

அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கும் பூந்தமல்லியே ஒரு சாட்சி. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் இங்கேதான் இருந்தது; 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தேசத்தின் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட வழக்கு. அரசாங்கத்தின் முழுப் பலமும், ஜனங்களின் கோபமும் ஒரு பக்கமாக நின்ற வழக்கு. அப்படியிருந்தும் 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, எஞ்சிய 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் கொள்ள எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் அந்தப் பத்தொன்பது பேரின் உயிர், அவர்களைக் குற்றவாளிகள் என்று சொன்ன அரசாங்கத்தின் கையில் இல்லாமல், வேறொரு கையில் இருந்தது என்பதே அதில் நான் காணும் பெரிய விஷயம்.

நிர்வாகத்துக்கும் நீதிக்கும் நடுவே இவ்வளவு பாடுபட்டுச் சுவர் எழுப்பிய நாம், நிர்வாகத்துக்கும் சட்டசபைக்கும் நடுவே அத்தகைய சுவரை வேண்டுமென்றே எழுப்பவில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே.டி. ஷா என்ற அறிஞர், அமெரிக்காவில் உள்ளதுபோல மூன்று துறைகளும் முற்றிலும் தனித்தனியே இருக்க வேண்டுமென்று ஒரு திருத்தம் கொண்டுவந்தபோது சபை அதை ஏற்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் அதற்கு முந்தைய மாதமே காரணத்தை விளக்கியிருந்தார். அசையாத அரசாங்கத்தைக் காட்டிலும் அன்றாடம் பதில் சொல்லும் அரசாங்கமே இந்நாட்டுக்கு வேண்டும் என்பதும், கேள்விகளாலும் தீர்மானங்களாலும் விவாதங்களாலும் மந்திரிகளை நாள்தோறும் சபையின் முன் நிற்கவைக்கும் முறையே அதற்குப் பொருந்தும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். நான் அந்த வாதத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறவன். மந்திரி சட்டசபையிலேயே உட்கார்ந்திருப்பதனால்தான், பூந்தமல்லிக் கால்வாயைப் பற்றி ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. சட்டசபையும் மந்திரிசபையும் ஒரே பெரும்பான்மையின் இரண்டு உருவங்களாக இருக்கிற நாட்டில், அந்தப் பெரும்பான்மைக்கு அப்பால் நிற்கிற நடுவர் ஒருவர் அவசியம் வேண்டும். அமெரிக்காவில் மூன்று சுவர்கள் என்றால் நமக்கு இருப்பது ஒரே ஒரு சுவர். அதில்தான் 1985ஆம் வருஷத்தில் நாமே ஒரு துளை போட்டோம்.

போட்டது கெட்ட எண்ணத்தாலன்று. 1967இல் ஹரியானாவில் கயாலால் என்ற உறுப்பினர் பதினைந்தே நாளில் மூன்று முறை கட்சி மாறியதும், அதிலிருந்து 'ஆயா ராம், கயா ராம்' என்ற வசைச்சொல் நாடெங்கும் பரவியதும் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். ஓட்டு வாங்கிய சின்னத்தைச் சந்தையில் விற்கிற அந்த இழிவுக்கு முடிவுகட்டவே 52ஆவது திருத்தத்தின் மூலம் சாசனத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. பிழை அதன் ஆறாவது பத்தியில் இருக்கிறது. ஓர் உறுப்பினர் கட்சி தாவினாரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் அதைச் சபாநாயகரே தீர்மானிப்பார், அவர் முடிவே இறுதியானது என்று அது சொல்கிறது. சாட்சியம் கேட்பது, வாதங்களைச் சீர்தூக்குவது, ஒருவரின் உரிமையைப் பறிப்பதா காப்பதா என்று முடிவுசெய்வது ஆகியவை நியாயாதிபதியின் தொழில். அந்தத் தொழிலை, ஒரு கட்சியின் சீட்டில் நின்று ஜெயித்து, அந்தக் கட்சியின் பெரும்பான்மையால் ஆசனத்தில் அமர்ந்து, அடுத்த தேர்தலிலும் அந்தக் கட்சியின் சீட்டையே எதிர்பார்த்திருக்கும் ஒருவரிடம் அது ஒப்படைத்துவிட்டது.

1992இல் கிஹோடோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அட்டவணையை ஆராய்ந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர், சபாநாயகர் இந்த வேலையைச் செய்யும்போது அவர் ஒரு தீர்ப்பாயமே, ஆகையால் தீய நோக்கமோ இயற்கை நீதிக்கு விரோதமோ காணப்பட்டால் நீதிமன்றம் தலையிடலாம் என்று கூறி, ஏற்பாட்டை நிலைநிறுத்தினார்கள். லலித் மோகன் சர்மா, ஜே.எஸ். வர்மா என்ற இருவரோ, சபையின் பெரும்பான்மையைச் சார்ந்தே பதவியில் நீடிக்கிற ஒருவரைச் சுதந்திரமான நடுவராகக் கொள்ளவே முடியாது என்றார்கள். முப்பது வருஷங்களுக்கு மேல் கடந்தபின் திரும்பிப் பார்க்கையில், அந்த இருவர் சொன்னதே தொலைநோக்குடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

சபையின் பெரும்பான்மையைச் சார்ந்து நீடிக்கிறவர் என்பது வெறும் தர்க்கமன்று. தமிழ்நாட்டில் அது கண்கூடாக நடந்தது. 1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டதை ஒட்டி எழுந்த கொந்தளிப்பில், சபாநாயகர் கே.ஏ. மதியழகன் ஆளுங்கட்சியோடு முரண்பட்டார். டிசம்பர் 2 அன்று சபை கூடியபோது, அவர் ஆசனத்தில் இருக்கையிலேயே துணைச் சபாநாயகர் சீனிவாசன் மற்றொரு பக்கத்தில் அமர்ந்து சபையை நடத்த, ஒரே மன்றத்தில் இருவர் தலைமை தாங்கும் விபரீதம் ஏற்பட்டது. முடிவில் பெரும்பான்மையின் தீர்மானத்தால் மதியழகன் பதவியிழந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறு விவாதம். பெரும்பான்மையோடு முரண்படுகிற சபாநாயகர் ஒரு நாள்கூட நீடிக்க முடியாது என்பதை அன்று தமிழ்நாடு கண்டது. அப்படிப்பட்ட ஒருவரிடம், அந்தப் பெரும்பான்மை பிழைப்பதா மடிவதா என்கிற வழக்கைக் கொடுப்பது அவருக்கே இழைக்கிற அநீதியாகும்.

2017இல் பிழைப்பதும் மடிவதும் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று பாருங்கள். ஜெயலலிதா மறைவால் ஆர்.கே. நகர் காலியாயிருந்தது, மொத்த இடங்கள் 234இல் அதைக் கழித்தால் 233, பெரும்பான்மைக்கு 117 பேர் வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 18 அன்று பழனிசாமி மந்திரிசபையை 122 பேர் ஆதரித்தார்கள், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் அந்த 11 பேர் திரும்பிச் சேர்ந்தார்கள். 18 பேர் விலகி நின்றார்கள். 122இல் 18ஐக் கழித்து 11ஐக் கூட்டினால் 115. 117 வேண்டிய இடத்தில் 115 போதாது. ஆனால் 18 பேரும் சபையிலேயே இல்லை என்று ஆகிவிட்டால் சபையின் எண்ணிக்கை 215. பெரும்பான்மைக்கு 108 போதும். ஒரே ஓர் உத்தரவால் தோல்வி வெற்றியாக மாறக்கூடிய நிலை. உத்தரவு சட்டப்படி சரியானதாகவே இருந்திருக்கலாம். மூன்று நீதிபதிகளில் இருவர் அப்படித்தான் சொன்னார்கள். எனினும், இவ்வளவு பெரிய பலன் தொங்கிக்கொண்டிருக்கும் வழக்கில், பலனை அடைகிற தரப்பைச் சேர்ந்தவர் நடுவராக இருந்தால், சரியான தீர்ப்பைக்கூட ஜனங்கள் நம்பமாட்டார்கள். என் தமக்கை நம்பவில்லை.

இதே காலத்தில் அண்டைத் தொகுதியான ஆவடியில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். பிப்ரவரி 18 அன்று எதிர்த்து வாக்களித்த 11 பேரில் ஆவடி உறுப்பினர் க. பாண்டியராஜனும் ஒருவர். அவர்களைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டுமென்று மனுக் கொடுக்கப்பட்டது. சபாநாயகர் முடிவு சொல்லவில்லை. உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தன்னால் சபாநாயகருக்கு ஆணையிட இயலாது என்று கூறியது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 14 அன்று, நோட்டீஸ் அனுப்பப்பட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு, விஷயத்தைச் சபாநாயகரிடமே விட்டது. 2021இல் சபையின் ஆயுள் முடிகிற வரையில் அவர்கள் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். பாண்டியராஜன் அமைச்சராகவும் இருந்தார். இரு தரப்பாரின் செயலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றேயன்று என்று வாதிக்க இடமுண்டு. 11 பேர் எதிர்த்து வாக்களித்தபோது கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது, கொறடாவின் உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தியதா என்பதே கேள்விக்குரியது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தைக் கேட்டு ஒரு முடிவு சொல்லியிருக்கலாமே? பூந்தமல்லி உறுப்பினரின் விவகாரம் 27 நாளில் முடிந்தது. ஆவடி உறுப்பினரின் விவகாரம் நான்கு வருஷத்தில் முடியவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுவது பருத்திப்பட்டு வழியாகச் செல்லும் ஒரே சாலை.

இது ஒரு கட்சியின் குற்றமன்று, ஒரு ராஜ்யத்தின் குற்றமுமன்று. மணிப்பூரில் காங்கிரஸ் சீட்டில் வென்று உடனே பா.ஜ.க. அரசில் அமைச்சரான ஒருவர்மீது கொடுத்த மனு வருஷக்கணக்கில் கிடந்தது; 2020 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்கள் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்கப்பட வேண்டும் என்றும், இந்த அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கலாமா என்பதைப் பார்லிமெண்டு மறுபடி யோசிக்க வேண்டும் என்றும் கூறியது. மகாராஷ்டிரத்தில் சிவசேனைப் பிளவு பற்றிய வழக்கில் 2023 மே மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், சபாநாயகர் முடிவு சொல்ல 2024 ஜனவரி ஆயிற்று. தெலங்கானாவில் காங்கிரஸ் ஆட்சியில், பி.ஆர்.எஸ். கட்சியிலிருந்து தாவியதாகச் சொல்லப்பட்ட 10 பேர்மீதான மனுக்களை மூன்று மாதத்தில் முடிக்குமாறு 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, பார்லிமெண்டுக்கு அதே கோரிக்கையை மறுபடியும் விடுத்தது. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாய் இருக்கிறதோ அது சபாநாயகர் தாமதிக்கிறார் என்று முறையிடுகிறது. ஆட்சிக்கு வந்ததும் அதே தாமதத்தால் பயனடைகிறது.

'சபையின் விவகாரத்தைச் சபையே தீர்த்துக்கொள்ள வேண்டும். வெளியார் தலையிட்டால் சட்டசபையின் கண்ணியம் குலையும்' என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னன் 1642இல் படைவீரர்களோடு காமன்ஸ் சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கேட்டபோது, சபையின் கட்டளையன்றி எனக்குக் கண்ணும் இல்லை நாவும் இல்லை என்ற பொருள்பட மண்டியிட்டுச் சொன்ன சபாநாயகர் லெந்தாலின் பரம்பரை அது, போற்றத்தக்கது. ஆனால் அந்தச் சுதந்திரம் அரசனுக்கு எதிராகச் சபையைக் காக்கப் பிறந்தது. சபையின் பெரும்பான்மைக்கு எதிராக நிற்கும் தனி உறுப்பினரை நசுக்கப் பிறந்ததன்று. எல்லையில்லாத சபை அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் நமக்குத் தெரியும். 1987இல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அவர் சில நாளில் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாதென்று கூறி, அடையாளமாக 1,000 ரூபாய் நஷ்டஈடு வழங்கியது. சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று அன்றைய சபாநாயகர் பி.எச். பாண்டியன் சொன்ன சொல் தமிழில் ஒரு மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. வானத்தை அளக்கிற அதிகாரம் எந்த ஜனநாயகத்திலும் எவருக்கும் இருக்கலாகாது.

அப்படியானால் யார் விசாரிப்பது? இதற்கு விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் சாசனத்திலேயே விடை இருக்கிறது. ஓர் உறுப்பினர் அரசாங்கத்தில் ஆதாயம் தரும் பதவி வகிக்கிறார் என்பது போன்ற மற்றக் காரணங்களால் தகுதி இழந்தாரா என்ற கேள்வி எழுந்தால், 192ஆம் பிரிவின்படி அது ஆளுநருக்குப் போகிறது. ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டு, அதன்படியே முடிவுசெய்யக் கட்டுப்பட்டவர். பார்லிமெண்டு உறுப்பினர்களுக்கு 103ஆம் பிரிவு அவ்வாறே குடியரசுத் தலைவரைக் குறிக்கிறது. எழுபது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டால் எந்தச் சபையின் கண்ணியமும் குலைந்ததாகத் தெரியவில்லை. ஒரே உறுப்பினர், ஒரே பதவி. ஒரு காரணத்துக்காக அதை இழப்பாரென்றால் தேர்தல் ஆணையம் ஆராய வேண்டும், மற்றொரு காரணத்துக்காக இழப்பாரென்றால் எதிர்த்தரப்புக் கட்சிக்காரர் ஆராயலாம் என்பது என்ன நியாயம்? கட்சித் தாவலையும் இதே வழியில் தீர்க்க வேண்டுமென்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தன. உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்ன வழி, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு நிரந்தரத் தீர்ப்பாயம். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. ஆளுநர்களைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு உள்ள அனுபவத்தை உத்தேசித்து, தீர்ப்பாயமே மேல் என்று வேண்டுமானால் சொல்வேன்.

சட்டம் திருந்தும் வரையில் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய ஒரு காரியமும் உண்டு. சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் கட்சியின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினால் அவர் கட்சி தாவியவராகக் கருதப்படமாட்டார் என்று பத்தாவது அட்டவணையின் ஐந்தாவது பத்தியே விலக்கு அளிக்கிறது. அதை எழுதியவர்கள் சபாநாயகர் கட்சியைத் துறப்பதை எதிர்பார்த்தார்கள், வரவேற்றார்கள் என்றுதானே பொருள்? அந்த அட்டவணை பிறப்பதற்கு முன்பே, 1967இல் லோக்சபைச் சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸ் உறுப்பினர் பொறுப்பை விட்டு விலகினார். 2008இல் சோமநாத் சட்டர்ஜி, நம்பிக்கை வாக்கெடுப்பின்போது ஆசனத்தை விட்டு இறங்க மறுத்ததற்காகத் தம் வாழ்நாள் முழுதும் உழைத்த கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இங்கிலாந்தில் சபாநாயகர் கட்சியை விட்டு விலகுவது மரபு. அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் அவரை எதிர்த்து நிற்பதில்லை. சட்டம் விலக்கு அளித்திருந்தும் நம் நாட்டுச் சபாநாயகர்கள் கட்சியைத் துறக்காமல் இருப்பது வருந்தத்தக்கது.

இத்தனையும் தலைவர்களுக்குள் நடக்கும் வழக்கு, சாதாரண ஜனங்களுக்கு இதில் என்ன என்று எண்ணுகிறவர்கள், அந்த 20 மாதங்களில் பூந்தமல்லித் தொகுதி எப்படியிருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டு மழை பொய்த்து, செம்பரம்பாக்கம் ஏரி வற்றிக்கொண்டே வந்து, தண்ணீர் லாரியின் ஓசைக்காகக் குடங்களோடு தெருவில் காத்திருந்த காலம் அது. கோட்டையில் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தாக்கல் செய்யப்பட்டது. மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டன. கேள்வி நேரம் நடந்தது. 216 தொகுதிகளின் குறைகளைப் பேச ஆள் இருக்கலாம். 18 தொகுதிகளின் குறைகளைப் பேச ஆள் இல்லை. உறுப்பினர் தவறு செய்திருந்தால் அவரைத் தண்டிப்பது நியாயம். அவரோடு சேர்த்து வாக்காளரையும் இருபது மாதம் தண்டிப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்று இருந்து, மூன்று மாதத்தில் முடிவு சொல்லி, அந்த முடிவை ஜனங்கள் நம்பியும் இருந்தால், அடுத்த ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்து பூந்தமல்லிக்கு ஓர் உறுப்பினர் கிடைத்திருப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து லோக்சபைக்கு 39 பேரும் ராஜ்யசபைக்கு 18 பேரும் போகிறார்கள். இவர்களுடைய கட்சிகள் பலவும், ஏதாவதொரு காலத்தில், ஏதாவதொரு சபாநாயகரின் முடிவாலோ மௌனத்தாலோ பாதிக்கப்பட்டவைதாம். இவர்களில் எவரும் ஒரு தனி உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவரலாம்; கட்சி வேற்றுமையின்றி மற்றவர்கள் அதை ஆதரிக்கலாம். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம் சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்கிற நாம், பத்தாவது அட்டவணையின் ஆறாவது பத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நூம்பல், பூந்தமல்லி, ஆவடி வாசகர்களை விசேஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். 1985இல் எழுதப்பட்டபடியே அந்தப் பத்தி, ஓர் எழுத்தும் மாறாமல், இன்றும் சாசனத்தில் இருக்கிறது.